வாயசைவு

டர்ஹாம் புகையிலை ஆலையில் காம்பு கிள்ளுகிறவர்களுக்கு
இயந்திர இரைச்சலில் காது எதற்கும் ஆகாது.
உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம்.
எனக்கு ஆலைக்கு வெளியேயும் அப்படித்தான்.
மூன்று வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது சத்தங்களையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

சனிக்கிழமை பத்து சென்ட்.
பக்கவாட்டில் இரும்புப் படி, தனி வாசல்,
கூரையை ஒட்டி எங்கள் மேல்மாடம்.
கீழே வெள்ளைக்காரர்களின் தொப்பிகள்.
கைப்பிடிக் கம்பியில் மணிக்கட்டை வைத்தால்
பியானோ எறும்பு மாதிரி ஊர்ந்து வரும்.

போரைப் பற்றிய சிரிப்புப் படம்.
போர் முடிந்து எட்டு வருஷம்;
இனி சிரிக்கலாம் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.
இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள், ஒரு கோவேறு கழுதை,
அவர்களுக்குச் சமைத்துப்போட ஒரு கறுப்பன்.
கறுப்பன் இல்லை.
எரித்த தக்கையைப் பூசிக்கொண்ட வெள்ளையன்,
வாயைச் சுற்றி மட்டும் மாவு வளையம்.
கோழி திருடினான்.
காயப்போட்ட விரிப்பைப் பேயென்று நினைத்து
முழங்கால் இரண்டும் தாளமிட ஓடினான்.
பீப்பாய்க்குள் தலைகுப்புற விழுந்தான்.
நான் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.
விழுகிறவனைப் பார்த்தால் வயிறு யோசிப்பதில்லை.

பிறகு எழுத்து அட்டை வந்தது.
ஒவ்வொரு சொல்லையும் வேண்டுமென்றே காலொடித்து
நொண்டவிட்டிருந்தார்கள். எங்கள் பேச்சாம் அது.
ராலே பள்ளியில் ஒரு எழுத்து பிசகியதற்கு
ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து நின்றவள் நான்.

அப்போதுதான் அவரைக் கண்டேன்.
திரையின் இடது ஓரம், வெகு பின்னால்,
மண்வெட்டியோடு ஏழெட்டுப் பேர். பூச்சில்லாத முகங்கள்.
பதுங்குகுழி வெட்டுவதாக நிறுத்தப்பட்டவர்கள்.
அதில் நெட்டையானவர், ஒரு காதில் நுனி இல்லாதவர்,
பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிறார்.
அவருக்கு அட்டை கிடையாது.
முன்னால் வெள்ளைச் சிப்பாய்
அம்மாவின் கடிதத்தைப் படித்து அழுதுகொண்டிருந்தான்.
பின்னால் அந்த உதடு சொன்னது:
"இப்படி வெட்டினால் முதல் மழைக்கே சரிந்துவிடும்.
குழி என்றால் என்னவென்று
இவர்களில் ஒருத்தனாவது பார்த்திருக்கிறானா?"
அப்புறம்: "வெள்ளிக்கிழமைக் கூலி உனக்கு வந்ததா?"

என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.
பெரிதாக இருந்திருக்க வேண்டும்.
மேல்மாடமே திரும்பியது.

திங்களன்று கிள்ளுமேசையில்
கையாலும் வாயாலும் சொல்லிக் காட்டினேன்.
ஹெஸ்டர் லாசிட்டர் நம்பவில்லை.
நம்பாமலே சாயங்காலம் பாதி மேசையைக் கூட்டி வந்தாள்.
கடிதம் வந்தது, கண்ணீர் வந்தது,
என் விரல் இடது ஓரத்தைக் காட்டியது.
கம்பி அதிர்ந்தது, பியானோவால் அல்ல.
கீழே தொப்பிகள் நிமிர்ந்தன.
கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன.
கொட்டகைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து
எங்கள் முகங்களில் விளக்கடித்தார்.
"இதில் என்ன சிரிப்பு?"
"சிரிப்புப் படம்தானே, ஐயா" என்றாள் ஹெஸ்டர்.

தம்பி ஈனாக் வரவில்லை.
பிரான்சுத் துறைமுகத்தில் பதினான்கு மாதம் மூட்டை இறக்கியவன்.
கையில் துப்பாக்கி தரவே இல்லை என்பதைத் தவிர
போரைப் பற்றி வேறெதுவும் சொன்னதில்லை.
நெட்டை, காது நுனி இல்லை, என்றேன்.
கரண்டியைக் கீழே வைத்தான்.
எந்தக் காது?
இடது.
கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியை எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமை படப்பெட்டி கோல்ட்ஸ்பரோவுக்கு ரயிலேறுகிறது.
செவ்வாய் இரவு தனியாகப் போனேன்.
கூலிக்குப் பிறகு இன்னொரு வாக்கியம் இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.
"வீட்டுக்குப் போனதும்" என்று தொடங்கினார்.
தக்கைக் கரி பூசியவன் கோழியோடு குறுக்கே ஓடினான்.
அவன் விலகியபோது
அவர் வாய் மூடியிருந்தது.